எனக்காகப் போட்ட ஊர்க்கட்டு

என் மாணவிகளிடம் எனக்குப் பயம் உண்டு. ஓர் ஆசிரியை இப்படி எழுதலாமா என்று எங்கள் தலைமையாசிரியர் கேட்பார். அவருக்கும் அவர்களிடம் பயம்தான். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவே. கொல்லிமலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். சொந்த ஊர் டெல்டா பக்கம். மேடு என்றால் வரப்பு என்று நினைத்து வளர்ந்தவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றல் உத்தரவோடு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் கொஞ்சந்தானுங்க கண்ணு" என்று கூசாமல் பொய் சொல்லிக்கொண்டு வந்தார். வாரத்தில் ஐந்து நாள் மலைமேல் வாடகை வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்தால் கீழே சேந்தமங்கலம். அங்கேதான் என் கணவரும் மகனும் இருக்கிறார்கள். கணவருக்கு அங்கே மின்சார ஆபீஸில் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் வராது. தள்ளிப்போடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பதைப் பற்றித்தான் இந்தக் கதையே. எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது. கல்லீரலைப் பிடிக்கிற கிருமி. ஊரில் மஞ்சள் காமாலையில் ஒரு வகை என்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழே ஒரு ரத்ததான முகாமில், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே ரத்தம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து, "கொஞ்சம் நேரில் வாங்க மேடம்" என்று போன் வந்தது. போனேன். டாக்டர் பொறுமையான மனிதர். "கிருமி சும்மா தூங்கிட்டு இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கங்க, பயப்பட வேண்டாம். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கு டெஸ்ட் எடுத்து, இல்லைன்னா மூணு ஊசி போட்டுடுவோம், முடிஞ்சது வேலை" என்றார். பையனுக்குக் கைக்குழந்தையிலேயே அந்த ஊசி போட்டாகிவிட்டது. மிச்சம் அவர் ஒருவர்தான்.

நான் அவரைக் கூட்டிப்போகவில்லை. சொல்லவும் இல்லை.

என் கணவர் கத்துகிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட அடுத்த நாள்தான் சொல்வார். ஆனால் "எப்படி வந்துது?" என்று ஒரு கேள்வி கேட்பாரே, அதற்கு நான் என்ன சொல்வது? டாக்டருக்கே தெரியவில்லை. சின்ன வயசில் போட்ட ஏதாவது ஊசியாக இருக்கலாம் என்றார். "தெரியாது" என்று ஒரு பெண் சொன்னால், அந்தச் சொல்லுக்குள் ஊர் எதையெல்லாம் தேடும் என்று எனக்குத் தெரியும். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். நல்ல மனநிலை வந்தது. அதை ஏன் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். கெட்ட மனநிலை வந்தது, அதில் போய் இதைச் சொல்வார்களா? இப்படியே மூன்று வருஷம். சனி ஞாயிறில் முதுகுவலி, தலைவலி என்று சாக்குச் சொன்னேன். எல்லா வாரமும் அது செல்லுபடியாகவில்லை. ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் என்னை நானே திட்டிக்கொள்வேன். பிறகு பஸ் ஏறி மலைக்கு வந்து, கிருமிகள் பரவும் விதம் பற்றிப் பாடம் நடத்துவேன். என்னத்தைச் சொல்ல!

இப்போது என் மாணவிகளுக்கு வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டரம்மா பள்ளிக்கு வந்து, ஹெபடைடிஸ் பி பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். வழக்கமாக இப்படிப்பட்ட கூட்டம் முடிந்ததும் நன்றியுரை, பிஸ்கட், கலைந்து போதல். இந்த முறை பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "மேடம், எங்க ஊர்ல முடி வெட்டறவரு ஒரே பிளேடுல எல்லாருக்கும் சவரம் பண்றாருங்க, அவருக்கு யார் சொல்றது?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "நீயே சொல்லேன்" என்றார். வாயைக் கொடுத்தது டாக்டரம்மா, மாட்டிக்கொண்டது நான். ஏனென்றால் அன்று மாலையே அவள் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு, "டீச்சர், நாங்க குழு ஆரம்பிச்சுட்டோமுங்க, நீங்கதான் பொறுப்பாசிரியர்" என்று அறிவித்தாள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அவளைத் தலைவி என்றே சொல்கிறேன், அவளும் அப்படித்தான் தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள். திண்ணனூர் நாட்டில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. அப்பா மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறவர். அவளிடம் ஒரு நீளமான நோட்டு. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு டெஸ்ட் எடுத்தாயிற்று, யாருக்கு எத்தனை ஊசி என்று கட்டம் கட்டி வைத்திருந்தாள். தாசில்தார் ஆபீஸில்கூட அவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை.

மூன்று வாரம், சனிக்கிழமை காலையில், அவளுடைய ஊரில் நாடகம் போட்டார்கள். அந்த வாரங்களில் நாடகம் முடிந்த பிறகுதான் நான் கீழே போவேன். கறுப்பு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒருத்தி கிருமியாக வந்தாள். இன்னொருத்தி கல்லீரல். கல்லீரல் வலி தெரியாத உறுப்பு, வருஷக்கணக்கில் புகார் சொல்லாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார் அல்லவா, அதனால் கல்லீரல் கடைசி வரை வாய் திறக்காமல் படுத்திருக்க வேண்டும் என்று தலைவி உத்தரவு. முதல் வாரமே கல்லீரல் நிஜமாகவே தூங்கிவிட்டது. கிருமி வந்து உதைத்தும் எழவில்லை. கூட்டத்தில் ஒருவர், "அட, அந்தப் புள்ளைய விடுங்க சாமி, களை எடுத்துட்டு வந்து அசந்திருக்குது" என்றார். அத்தோடு நாடகம் முடிந்தது.

முடி வெட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். சேந்தமங்கலத்திலிருந்து வாராவாரம் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறவர். பலாமரத்தடியில் நாற்காலி போட்டு, கிளையில் கண்ணாடியை மாட்டினால் கடை திறந்தாயிற்று. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு மாணவிகள் காவல் நின்றார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் புது பிளேடு போட்டாரா, பழைய பிளேடை டப்பாவில் போட்டாரா என்று பார்க்க. அவர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க டீச்சர், நான் இருவது வருசமா கத்தி பிடிக்கறவனுங்க. இந்தப் புள்ளைங்க பாக்கற பார்வையில கை நடுங்குதுங்க. எவன் காதையாச்சும் அறுத்துப்போடப் போறேன்" என்றார். நான் மிகுந்த கம்பீரத்தோடு, "ஆரோக்கிய விஷயத்தில் சமரசம் கிடையாதுங்க" என்றேன். அப்படியெல்லாம் பேசினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாடகம் முடிந்ததும் தலைவி நடுவில் வந்து நின்று, கிருமி பரவுகிற வழிகளைச் சொல்வாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரல். ரத்தம், ஊசி, பிளேடு. பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. "அடுத்த வழி, கணவன் மனைவி உறவு!" என்று அவள் மலை அதிர அறிவித்ததும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆண்களுக்கெல்லாம் திடீரென்று மரத்தில் இருக்கிற மிளகுக்கொடியைப் பார்க்க வேண்டிய வேலை வந்துவிடும். அவளுக்கு வெட்கமும் இல்லை, ஒன்றுமில்லை. ஓர் அம்மாள் வேண்டுமென்றே, "அப்ப என்னதான் பண்றது கண்ணு, ஆளுக்கொரு மூலையில படுக்கறதா?" என்று சீண்டினார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க அத்தை. ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தரு டெஸ்ட் எடுத்து மூணு ஊசி போட்டுக்கணும். அப்புறம் உங்க இஷ்டமுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒதுங்கிப் போனேன். பதினாறு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு சுலபமாக வருகிற வாக்கியம் எனக்கு மூன்று வருஷமாகத் தொண்டையைத் தாண்டவில்லை என்று வெட்கமாக இருந்தது.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை, தலைவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் பல்.

"டீச்சர், ஊர்க்கட்டே போட்டுட்டாங்க!"

ஊர்க்கட்டு என்பது ஊர் கூடிப் போடுகிற கட்டுப்பாடு. காகிதத்தில் இருக்காது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சாவடியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னால் அதுதான் சட்டம். மீறினால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். கலெக்டர் உத்தரவுக்கு மேல் கோர்ட் இருக்கிறது, ஊர்க்கட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. தலைவி வீடு வீடாகச் சொல்லி அலுத்துப்போய், நேராக ஊர்க்கவுண்டரிடம் போய்விட்டாள். அவர் அவளுக்குப் பெரியப்பா முறை. நல்ல மூளைதான். ஒருவர் பிளேடில் ஒருவர் சவரம் செய்யக்கூடாது என்று ஒரு கட்டு. காது குத்துக்குப் புது ஊசிதான் என்று ஒரு கட்டு. எனக்கே பெருமையாக இருந்தது. தோளில் தட்டிக்கொடுத்தேன்.

"இன்னொண்ணும் சேத்துக்கிட்டாங்கங்க," என்றாள், கொஞ்சம் மெதுவாக. "அந்தச் சீக்கு இருக்கறவங்க ஊர்ப் பந்தியில உக்காரக்கூடாதாம். பொங்கல் பானையத் தொடக்கூடாதாம். அது தப்புன்னு எனக்கும் தெரியுமுங்க டீச்சர். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் பிளேடுக்குக் கட்டுப் போடுவோம்னு சொன்னாங்க. மெயின் பாயிண்ட் வந்துருச்சுங்கள்ல?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "மெயின் பாயிண்டாவது மண்ணாங்கட்டியாவது! சாப்பாட்டுல பரவாதுன்னு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன்? தட்டுல பரவாது, தொட்டாப் பரவாது, பக்கத்துல உக்காந்தாப் பரவாது. நாளைக்கு ஒருத்திக்கு இருக்குன்னு தெரிஞ்சா அவ எங்கடி போய்ச் சாப்பிடுவா?" என்று கத்தினேன். ஆசிரியர் அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கணக்கு ஆசிரியர் கையில் இருந்த டீ சிந்தியது. தலைவி அழவில்லை. இவ்வளவு நாளும் நான் அந்த மாதிரிக் கத்தியதே இல்லை என்பதால், ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் விட்டுக்கொடுத்த வரியின் பலன் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை சுகாதார நிலையத்தில் இலவச ரத்தப் பரிசோதனை ஏற்பாடாகியிருந்தது. அந்த ஊரில் ஏறக்குறைய எல்லா வீடும் பெயர் கொடுத்திருந்தது. இப்போது ஒவ்வொருவராக வந்து பெயரை அடிக்கச் சொன்னார்கள். ஒருவருக்குக் குச்சிக்கிழங்கு பிடுங்குகிற வேலை, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம். டெஸ்ட் எடுத்தால்தானே இருக்கிறது என்று தெரியும்? தெரிந்தால்தானே பந்தியிலிருந்து எழுப்புவார்கள்? அவர்கள் கணக்கு எனக்கு மனப்பாடம். அதே கணக்கைத்தான் நானும் வீட்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நோட்டில் வரிசையாக அடித்த பெயர்களைக் காட்டி, "நீங்க வந்து பேசுங்க டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றாள் தலைவி. இப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்தது. "நான்தானுங்க கெடுத்துட்டேன்."

அந்தச் சனிக்கிழமை நான் கீழே போகவில்லை. கணவருக்குப் போன் செய்து ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். பொய் சொல்லிச் சொல்லிக் குரல்கூட நடுங்குவதில்லை அப்போதெல்லாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் சாவடியில் கூடியது. நாற்பது நாற்பத்தைந்து பேர் இருப்பார்கள். முடி வெட்டுகிறவரும் கடையைக் கட்டிவிட்டு ஓரமாக வந்து உட்கார்ந்திருந்தார். ஊர்க்கவுண்டர் அறுபதைத் தொடுகிற ஒல்லியான மனிதர், தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு நேராக வந்திருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் நின்றுகொண்டே கால் மணி நேரம் பேசினேன். கிருமி, கல்லீரல், எச்சில், ரத்தம், ஆராய்ச்சி எல்லாம் வந்தது. கரும்பலகை ஒன்றுதான் குறை. ஊர்க்கவுண்டர் கொட்டாவியை மரியாதையாகக் கைக்குள் விட்டுக்கொண்டார்.

"எல்லாஞ் சரிதானுங்க டீச்சர். படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இந்தக் கட்டால யாருக்குங்க குறை?"

"யாருக்குன்னு இல்லீங்க, பொதுவாச் சொல்றேன்."

"பொதுவாக் கேட்டாக் கட்டை அவுக்கற வழக்கம் இல்லீங்களே. கட்டால குறைப்பட்டவங்க யாரோ, அவங்க நின்னு சொல்லணும். 'எனக்குக் குறை'ன்னு சொன்னா ஊரு ரோசனை பண்ணும். ஆளே இல்லாத குறைக்கு நாங்க என்னத்தைங்க அவுக்கறது?"

நியாயம்தானே. கூட்டம் தலையாட்டியது. யாராவது எழுந்து நிற்பார்களா என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டார்கள். யார் எழுவார்கள்? எழுந்தால் அந்த நிமிஷத்திலிருந்து பந்தியில் இடம் இல்லை, ஊர் அவிழ்க்காவிட்டால் எப்போதும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு வழி வரும், இன்னொரு வாரம் பேசிக்கொள்ளலாம், வியாழக்கிழமை போனால் அடுத்த முகாம் வராமலா போகும் என்று என் மனசு வழக்கம்போல ஆரம்பித்தது.

தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவி என் காதருகே வந்தாள். "டீச்சர், எனக்கு இருக்குதுன்னு நான் சொல்லிர்றேனுங்க. அப்புறம் டெஸ்ட்ல இல்லைன்னு வந்தா வந்துட்டுப் போகுது."

சொல்லிக்கொண்டே பாதி எழுந்துவிட்டாள். படுபாவி! இல்லாத நோயை ஊரறியத் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறது, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"எனக்குத்தாங்க குறை," என்றேன். "எனக்கு இருக்கு அந்த நோய். மூணு வருஷமா."

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது எனக்கு வலித்தது. போன வாரம்தான் அதே அம்மாள் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டேன், அதே குழந்தைக்கு ஊட்டியும் விட்டேன். "உங்க வீட்டுல நான் சாப்பிட்டேங்க. அதனால யாருக்கும் ஒண்ணும் வராது. வரும்னு எனக்கு ஒரு துளி சந்தேகம் இருந்தாக்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டேன்" என்றேன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது காகிதம் புரளும் சத்தம் கேட்டது. தலைவி நோட்டைத் திறந்து, கடைசியில் ஒரு புதுப் பக்கத்தை எடுத்து, கோடு போட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

"டீச்சர், சாருக்கு டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?"

"இல்ல."

"ஊசிங்க?"

"இல்ல."

"சாருக்குத் தெரியுமுங்களா?"

பொய் சொல்ல ஒரு நொடி வாய் வந்தது, சத்தியமாக வந்தது. "தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான். அதுவரை செத்துக் கிடந்த சாவடிக்கு உயிர் வந்துவிட்டது. நோயை எல்லாரும் மறந்தே போனார்கள். "அய்யய்யோ, ஊட்டுக்காரருக்கே சொல்லலீங்களா!" "பாவம் அந்த மனுசன், போன திருவிழாவுக்குக்கூட வந்து பொட்டாட்டம் சத்தமில்லாம உக்காந்திருந்தாரே!" "ஏனுங்க டீச்சர், எங்களுக்கு மூணு வாரமாப் பாடம் எடுத்தீங்களே!" குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மாள்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். முடி வெட்டுகிறவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு பிளேடு மாத்தலைன்னு என்னைய என்ன பாடு படுத்துனீங்க! சமரசமே கிடையாதுன்னீங்களே!" நோய்க்காக என்னை ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்த்துப் போன ஊரில், என் புருஷனுக்காக நாற்பது பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்க முடியாமல் மூக்கைச் சிந்தினேன்.

ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தினார். பெரியவர்கள் நான்கு பேர் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"பந்திக் கட்டு அவுத்தாச்சு. சீக்கு இருக்கறவங்களை யாரும் ஒதுக்கக்கூடாது, ஒதுக்குனா ஒதுக்குனவங்களுக்குத்தான் பந்தி கிடையாது. அதுக்குப் பதிலா இன்னொண்ணு. சீக்கு இருக்குதுன்னு தெரிஞ்சா ஊட்டுல கட்டுனவங்களுக்குச் சொல்லாம மறைக்கக்கூடாது. இது ஊர்க்கட்டு." என்னைப் பார்த்தார். "போங்க டீச்சர். போய் போன் பண்ணிட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

அந்த ஊரில் டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பாறை. தலைவி கூடவே வந்தாள். பாறைமேல் ஏறக் கை கொடுத்தாள், அந்தக் கையை ஏறிய பிறகும் விடவில்லை.

அவர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "என்ன, கிளாஸ் முடிஞ்சுதா?" பின்னால் பையன் டிவி பார்க்கிற சத்தம். நான் சொன்னேன். கோர்வையாக இல்லை. ரத்ததானத்தில் ஆரம்பித்து, முதுகுவலிக்குப் போய், ஸ்பெஷல் கிளாஸ் பொய் என்றும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன் என்றும் சொல்லி, மறுபடி டாக்டரிடம் வந்தேன். டிவி சத்தம் நின்றது. நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. "உனக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கேன்." "நான் எங்க போய் டெஸ்ட் எடுக்கணும்?"

விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தேன். தலைவி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "சார், வணக்கமுங்க. நான் டீச்சரோட ஸ்டூடண்டுங்க. வெறும் வயித்துலதான் போகணும்னு இல்லீங்க, இப்பவே போகலாமுங்க. உங்க ஊருல எந்த லேப்னாலும் சரிங்க, ஆறு மணி வரைக்கும் இருக்கும். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பிருங்க, நான் எழுதிக்கணும்."

சாயங்காலம் வாடகை வீட்டு வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷத்தில் அவ்வளவு நீளமான இரண்டு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. அவருக்கு இருந்தால், அது என்னால். வேறு யாரையும் கைகாட்ட முடியாது. சாமியை வேண்டிக்கொள்ளக்கூட வாய் கூசியது. ஏழு மணிக்குப் படம் வந்தது. இல்லை என்று வந்திருந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை, வெறும் ரிப்போர்ட். அதிர்ஷ்டம் அவரைக் காப்பாற்றியது, நான் காப்பாற்றவில்லை.

திங்கட்கிழமை அவர் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை முகாமுக்கு அந்த ஊரிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஆட்கள் வந்தார்கள். வரிசையில் நின்ற எல்லாரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சாருக்கு ஊசி போட்டாச்சுங்களா?"

ஆனால் அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் கீழே போனேன். வாந்தி வரவில்லை, வேறு கவலை இருந்ததால் இருக்கும். அவர் கதவைத் திறந்தார், பையை வாங்கி வைத்தார். மத்தியானம் அவரே சமைத்தார். பையன் சாப்பிட்டு விளையாடப் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கோபமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை.

"அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் இருந்தாங்க?" என்றார்.

"நாப்பது, நாப்பத்தஞ்சு பேர் இருப்பாங்க."

"முடி வெட்டறவர் இருந்தாரா? நம்ம தெரு வழியாப் போவாரே, அவரு?"

"இருந்தாரு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"அத்தனை பேருக்கும் அப்புறம்தானா எனக்கு?" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார்.